மாரப்பன் மடித்த இலைகள்

எங்கள் கணினியில் குடியிருக்கும் கர்னல்கள், பயன்படுத்தி முடித்த நினைவகப் பக்கங்களை மடித்து வைத்துவிட்டுத் தடுப்பை இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டினால் நான் போய் எடுத்துக்கொள்வேன். நான்தான் அங்கே ஹைப்பர்வைசர், அதாவது எல்லாக் கர்னல்களுக்கும் மேலே இருந்து பக்கங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் மேற்பார்வைக்காரி.

கணினி பீளமேட்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பீரோ அளவுதான். உள்ளே நீளமான கூடம். கூடத்தின் ஒரு கோடியில் என் மேடை, மேடைமேல் என் நாற்காலி. நினைவகப் பக்கங்கள் என்பவை வாழை இலைகள். அவற்றில்தான் எல்லாம் பரிமாறப்படுகிறது.

கர்னல் என்றதும் மீசை முறுக்கிய பட்டாளத்துக்காரரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிறுவனம் தன் வலைத்தளத்தோடு எங்களிடம் குடிவந்தால், அதன் வீட்டு நிர்வாகத்தைப் பார்க்க ஒருவர் கூடவே வருவார். யாருக்கு எந்த இலை, யார் சாப்பிட்டு எழுந்தார் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஒவ்வொரு கர்னலிடமும் இந்தக் கூடம் முழுவதும் உனக்குத்தான் என்று சொல்லித்தான் குடிவைக்கிறோம். இதில் பொய் ஒன்றும் இல்லை. நூறு பேருக்குச் சோறு வடித்துவிட்டு இருநூறு பேருக்குப் பத்திரிகை வைப்பதில்லையா? எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் தொழிலே நடக்கிறது.

அந்த நம்பிக்கை பலிக்க வேண்டுமானால், சாப்பிட்டவர் இலையை மடிக்க வேண்டும். இலை காலியா, இல்லை இன்னும் ரசத்துக்குக் காத்திருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எட்டிப் பார்க்கவும் கூடாது. சாப்பிடுகிறவரைப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்பதால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் நடுவே தடுப்பு வைத்திருக்கிறோம். தடுப்பின் அடியில் ஒரு முழ இடைவெளி. அதன் வழியாக எனக்கு இலைகள் மட்டும் தெரியும், ஆட்கள் தெரிய மாட்டார்கள். மடிக்காத இலையில் கை வைத்தால் அதில் இருப்பது அழிந்துபோகும். யாருடைய டிக்கெட்டோ, யாருடைய பரீட்சை மார்க்கோ போனது போனதுதான்.

எடுத்த இலையை அப்படியே இன்னொருவருக்குப் போடுவதும் கிடையாது. எச்சில் இலையில் யார் உட்காருவார்கள்? நன்றாகக் கழுவி, பழைய பருக்கை ஒன்றுகூட இல்லாமல் செய்து, தண்ணீர் தெளித்துத்தான் கொடுப்பேன். கொடுத்தவருக்கே மறுபடி தேவைப்பட்டால் அவர் கை நீட்டிய கணத்தில் ஓர் இலை வந்துவிடும். அதே இலையாக இருக்காது, அவ்வளவுதான். இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பதை அடக்கத்துக்காக மறைக்க மாட்டேன்.

பஸ் டிக்கெட் தளத்தின் கர்னல் இத்ரீஸ் பாய், இலை திருப்பிக் கொடுப்பதில் தங்கமான மனிதர். ஆரம்பத்தில் தொல்லை தரும் அளவுக்குத் தங்கம். வெற்றிலை அளவுக்கு ஒரு துண்டு காலியானாலும் தட்டிவிடுவார். ஓடி ஓடி என் கால் தேய்ந்தது. கடைசியில், துண்டு துண்டாகத் தட்டாதீர்கள், சேர்த்துத் தலைவாழை அளவு ஆனதும் தட்டுங்கள் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தேன். கைவசம் அவசரத்துக்கு நாலு இலை வைத்துக்கொள்ளாமல் எவரும் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னேன், அவரை மனதில் வைத்துத்தான்.

தட்டாதவர் ஒருவர்தான். அவர் மாரப்பன். கல்யாண மண்டபங்களுக்கு நாள் பதிவு செய்யும் தளம் அவருடையது. கூடத்திலேயே பெரிய இடம். இலைகள் அவரிடம் போகும், திரும்பி வராது.

அதற்குக் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. கல்யாண வீட்டில் இலையின் மேல்பாதியைத் தன் பக்கம் மடிக்க வேண்டும், இழவு வீட்டில் எதிர்ப்பக்கம் மடிக்க வேண்டும். இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். மாரப்பனின் தடுப்புக்கு அடியில் தெரிந்த இலைகள் அத்தனையும் எதிர்ப்பக்கம் மடிக்கப்பட்டிருந்தன. அவர் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. துக்க வீட்டு இலையைப் பதினாறாம் நாள் காரியம் முடியாமல் தொடக் கூடாது என்பது எங்கள் விதி. பதினாறு முடிவதற்குள் அடுத்த வரிசை இலைகள் அதேபோல் மடிக்கப்பட்டுக் கிடக்கும். அடுத்த சாவு. நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

கல்யாண மண்டபம் நடத்தும் மனிதருக்கு இப்படித் தினம் ஒரு சாவா? இலையின் நுனிகூட இடப்பக்கம் இல்லாமல் வலப்பக்கமாகக் கிடந்தது. துக்கத்தில் இலையை மாற்றிப் போடுவதுகூடத் தெரியவில்லையே என்று கலங்கினேன். அவர் தடுப்பைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வேன். அந்தப் பக்கம் எரியும் விளக்கைப் பாதியாகக் குறைத்து வைத்தேன். இத்ரீஸ் பாயிடம் ஒருமுறை சொன்னபோது, அவரும் தட்டுவதை மெல்லத் தட்ட ஆரம்பித்தார். இழவு வீட்டில் போய் இலை கேட்கும் ஈனப்பிறவி எங்களில் யாரும் இல்லை.

என் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மதியம் மேடையிலேயே ஓர் இலை போட்டுச் சாப்பிடுவேன். முடித்ததும் என் பக்கமாக மடித்து, முதுகுக்குப் பின்னால் வரிசையாக அடுக்கிவிடுவேன். தன் எச்சில் இலையைத் தானே வெளியே கொண்டுபோகக் கூடாது, வேறு யாராவதுதான் எடுக்க வேண்டும். யாரும் எடுப்பதில்லை. இலைகள் கூரையைத் தொடும் அளவுக்கு ஏறியிருந்தன. பின்சுவரில் உள்ள சிறிய ஜன்னல் வழியாக ஒரு கை சத்தமில்லாமல் டீ வைத்துவிட்டுப் போகும். அதில் ஒருநாளும் சர்க்கரை இருந்ததில்லை. கேன்டீன்காரன் கஞ்சன் என்று முடிவுசெய்து குடித்துவந்தேன்.

அமலோற்பவம் தடுப்பைத் தட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. முகூர்த்த நாள். ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்களைப் பராமரிக்கும் தளத்தின் கர்னல் அவள். சின்ன இடம், கையடக்கமான குடித்தனம், எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத பெண். அவள் தட்டியதும் இலை கொடுக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று கூடையோடு போனேன்.

அவளுக்கு இலை வேண்டியிருந்தது. உடுமலையில் வனிதாமணி என்று ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இல்லாத ரத்த வகை அவளுக்கு. மாலைக்குள் அந்த வகை ரத்தம் கிடைத்தால்தான் டாக்டர் கத்தியை எடுப்பார். அமலோற்பவத்திடம் தமிழ்நாடு முழுவதும் ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர்கள் இருந்தன. ஆனால் எல்லாம் கிடங்கில் சுருட்டி வைத்த பெயர்கள். சுருட்டிய பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லாது. ஒவ்வொன்றையும் இலையில் விரித்து உட்காரவைத்தால்தான் பேசும். இருக்கிற நாலைந்து இலையில் மாற்றி மாற்றி விரித்தால் நாளை மறுநாள் வரைக்கும் இழுக்கும்.

“அக்கா, அந்தப் பொண்ணுக்கு என்னைவிட ரெண்டு வயசு கம்மி,” என்றாள்.

என்னிடம் ஓர் இலைகூட இல்லை. இலை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பியவள் இல்லை நான். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. இத்ரீஸ் பாயிடம் போனேன். அவர் கைவசம் வைத்திருந்த நாலு இலையில் இரண்டை நீட்டினார். விதிப்படி நான் வாங்கக் கூடாது, வாங்கிக்கொண்டேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்த நேரம் பார்த்து, இலை அடியோடு தீர்ந்தால் எரியும் சிவப்பு விளக்கு மேடையில் எரிந்தது. சிவப்பு எரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். யாரிடம் அதிக இலை இருக்கிறதோ அவரை வழியனுப்ப வேண்டும். வழியனுப்புவது என்பது கௌரவமான வார்த்தை. கையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டால் அந்தக் குடித்தனமே இருக்காது, விரித்த இலைகளில் இருப்பதும் இருக்காது. மாரப்பனை அனுப்பினால் அன்றைக்குப் பதிவான கல்யாணங்கள் எல்லாம் காற்றில் போய்விடும். மாலை மாற்றப் போகும் நேரத்தில் எத்தனையோ பேர் மண்டபமில்லாமல் தெருவில் நிற்பார்கள். அனுப்பாவிட்டால் உடுமலையில் ஓர் உயிர், இல்லை இரண்டு. நான் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு தலையில் வைத்திருந்த பூவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். துக்க வீட்டுக்குப் பூ வைத்துக்கொண்டு போக முடியாது.

குடித்தனக்காரரின் தடுப்புக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. வழியனுப்ப மட்டும் உள்ளே போகலாம். இழவு வீட்டு முறைப்படி வணக்கம் சொல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தேன். மாரப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். பட்டு வேட்டி, கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் சந்தனமும் கற்கண்டும் இருந்தன. என்மேல் பன்னீர் தெளித்தார். அடுத்தடுத்து விழுந்த சாவுகளில் மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக் கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

வந்த விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

“மொதல்ல கை நனைச்சுப் போட்டுப் பேசுங்க அம்மிணி. பந்திக்கு முந்துனாத்தானுங்க மரியாதை.”

சாப்பிடச் சொல்பவரை அந்த நேரத்தில் வழியனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பந்தியில் உட்கார்ந்தேன். என் இடப்பக்கம் நுனி வரும்படி இலை போட்டார். பருப்பும் நெய்யும், புளிக்குழம்பு, ரசம், பாயசம். சாவு வீட்டில் பாயசமா என்று கேட்கவில்லை, வழித்துச் சாப்பிட்டேன். வனிதாமணிக்கு மாலைக்குள் ரத்தம் வேண்டும் என்பதால் வேகமாகச் சாப்பிட்டேன். முடித்ததும் அவருடைய துக்கத்துக்கு மரியாதையாக இலையின் கீழ்ப்பாதியைப் பிடித்து எதிர்ப்பக்கம் மடிக்கப் போனேன். மாரப்பன் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இது கல்யாண ஊடுங்க அம்மிணி. நம்ம பக்கமா மடிக்கோணும்.”

என் பக்கமாக மடித்தேன். வரிசையில் எனக்கு இரண்டு பக்கமும் கிடந்த இலைகளைப் பார்த்தேன். எல்லாம் என் இலையைப் போலவே, உட்கார்ந்தவர் பக்கமாக மடித்து, நுனி இடப்பக்கம் இருக்க, ஒழுங்காகக் கிடந்தன. ஓர் இலையில்கூட இழவு மடிப்பு இல்லை. பிறகு என் மேடை எங்கே இருக்கிறது என்று தேடினேன். எதிரே காணவில்லை. அது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மற்றக் கர்னல்கள் எல்லாரும் என் மேடையைப் பார்த்தபடி பந்தி போடுகிறார்கள். மாரப்பன் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிப் போட்டிருக்கிறார். ஆள் தெரியாமல் இலையை மட்டும் பார்க்கிற நான், அங்கேயும் மேடையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணியிருந்தேன்; அவர்கள் தங்கள் பக்கமாக மடித்தது எனக்கு எதிர்ப்பக்கம் மடித்ததாகத்தானே தெரியும்.

“ஏனுங்ணா, உங்களுக்கு மேல ஒருத்தர் இருக்கறது தெரியுங்களா?” என்று கேட்டேன்.

“மேல யாருங்க இருக்காங்க? நம்முளுது தனிக் கட்டடமாச்சுங்களே,” என்றார்.

கூடம் முழுவதும் உங்களுக்குத்தான் என்று நாங்கள் சொன்னதை அவர் மட்டும் முழுசாக நம்பியிருக்கிறார். அது அவர் குற்றம் இல்லை. அவர் வீட்டில் ஒருவரும் சாகவில்லை என்பதே எனக்கு அப்போது போதுமான சந்தோஷமாக இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப் பற்றி, தட்டும் முறையைப் பற்றி, அமலோற்பவத்தைப் பற்றி, உடுமலையில் படுத்திருக்கும் பெண்ணைப் பற்றி. அவர் தாம்பாளத்தைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டார்.

அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. சாயங்கால முகூர்த்தத்துக்குக் கூட்டம் வந்துவிட்டால் இலைக்கு என்ன செய்வது என்று கேட்டார். கையை நீட்டினால் போதும் என்றேன். எச்சில் படாத இலையா என்றார். கழுவித் தண்ணீர் தெளித்த இலை, என் கையாலேயே தருவேன் என்றேன்.

“அப்பறம் எதுக்குங்க இத்தன நாளு இதையெல்லாம் காத்துக்கெடந்தேன்? எங்க தட்டோணும்னு காட்டுங்க,” என்றார்.

காட்டினேன். மாரப்பன் தடுப்பை இரண்டு முறை தட்டினார். அடுத்த வரிசைக்கு மறுபடி தட்டினார். வரிசைகள் அதிகம் என்பதால் அவர் கை ஓயவேயில்லை. போகப் போகத் தட்டும் வேகம் ஏறி, அது கெட்டிமேளமாகவே ஆகிவிட்டது. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு கூடை போதாமல் முந்தானையில் வாரினேன். அத்தனையும் தலைவாழை இலைகள், ஒன்றுகூடத் துண்டு இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு இலையை நான் ஒருசேரப் பார்த்ததில்லை. மகிழ்ச்சியில் எனக்கு மூச்சு வாங்கியது. இத்ரீஸ் பாய் தன் வேலையை அப்படியே விட்டுவிட்டுத் தடுப்பைத் தாண்டி வந்து கழுவுவதற்கு உட்கார்ந்துகொண்டார். சிவப்பு விளக்கு தானாக அணைந்தது.

அமலோற்பவம் இலைகளை விரித்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பச்சை. பெயர்களைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து இலைக்கு ஒருவராக உட்காரவைத்தாள். இந்த வகை ரத்தம் யாருக்கு என்று ஒரே ஒரு முறைதான் கேட்டாள். நடுப்பந்தியில் ஒருவர் கையைத் தூக்கினார். தாராபுரத்தில் கோழித் தீவனக் கடை வைத்திருப்பவர். கடையைப் பாதியில் சாத்தினார். உடுமலை பஸ்ஸில் முன் சீட்டை அவருக்காக இத்ரீஸ் பாய் ஈரக் கையோடு போய் ஒதுக்கிவிட்டு வந்தார்.

பிறகு காத்திருந்தோம். தடுப்பு வைத்த நாளிலிருந்து அன்றுதான் எல்லாரும் ஒரே இடத்தில் நின்றோம். சாயங்கால முகூர்த்தத்துக்குக் கூட்டம் வந்தது. மாரப்பன் கையை நீட்ட, அமலோற்பவம் சாப்பிட்டு முடித்து மடித்த இலைகளைக் கழுவி அவர் கையில் வைத்தேன். ஒரு கல்யாணமும் தவறவில்லை. இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தபோது அமலோற்பவத்துக்கு உடுமலையிலிருந்து செய்தி வந்தது. பெண் குழந்தை. தாயும் சுகம்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் மாரப்பன் கையைத் தூக்கி ஆட்டினார். உள்ளே மேளக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். அந்தச் சத்தம் தாலி கட்டியதற்கா, குழந்தை பிறந்ததற்கா என்று யாரும் கேட்கவில்லை. இத்ரீஸ் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இந்தத் தொழிலின்மேல் இருந்த பெருமை அன்று இரண்டு மடங்காயிற்று. மாரப்பன் தன் பந்திகளை மேடையைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் அவர் பக்கத்து விளக்கை முழுசாக ஏற்றிவைத்தேன்.

மேடைக்கு வந்து பூவை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டேன். பின்னால் ஜன்னலில் டீ டம்ளர் வைக்கும் சிறு ஓசை கேட்டது. ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை இல்லை. என் மேடைக்கு மேல் எரியும் விளக்கும் நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து பாதியாகத்தான் எரிகிறது. டம்ளரைக் கீழே வைத்தேன். நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பினேன்.

அடுக்கிய இலைகளுக்கு அப்பால், ஜன்னலுக்கு அந்தப் பக்கம், என்னுடையதைப் போலவே ஒரு மேடை இருந்தது. மேடைமேல் வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

“உங்கள எப்படித் தேத்தறதுன்னே தெரியலீங்க அம்மிணி. தெனம் ஒண்ணு விழுகுதே,” என்றார் தணிந்த குரலில்.

“எங்க ஊட்டுல ஒருத்தரும் தவறலீங்க. கொழந்தை பொறந்திருக்குது,” என்றேன்.

அவர் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டார். என் விளக்கை முழுசாக ஏற்றினார். டம்ளரை வாங்கி இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு ஆற்றிக் கொடுத்தார். நான் ஜன்னல் சட்டத்தை இரண்டு முறை தட்டினேன். அவர் என் இலைகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு போய் வைத்துவிட்டு, அடுத்த கைக்குத் திரும்பி வந்தார். டீ நன்றாக இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் மடித்த இலைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

“உங்க டீயில சக்கரை இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

அவர் இலைகளைக் கீழே வைத்தார். பிறகு போய்த் தன் நாற்காலியைத் திருப்பினார்.